சரவணமுத்து கிண்ணம்

கொழும்பின் முதன்மைக் கிரிக்கெட் கழகங்களுக்கிடையிலான பருவச் சுற்றுப்போட்டியில் சம்பியனாகும் அணிக்கு வழங்கப்பட்ட கிண்ணம். பேச்சு வழக்கில் 'சாரா கிண்ணம்'. 1930களின் பிற்பகுதியில் 'டெய்லி நியூஸ் கிண்ணம்' என்ற பெயருடன் தொடங்கிய இப்போட்டி, 1950இல் காலமான பாக்கியசோதி சரவணமுத்துவின் நினைவாக 1950/51 பருவம் முதல் அவர் பெயரைப் பெற்றது.

கொழும்புக் கழகங்களின் அமைப்பை அறியாமல் இக்கிண்ணத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. ஐரோப்பியருக்குரிய கொழும்புக் கிரிக்கெட் கழகம் (1863), மலாயர் கழகம் (1872), பறங்கியர் கழகம் (1896), சிங்களவர் கழகம், தமிழ் யூனியன் (இரண்டும் 1899), முஸ்லிம்களின் மூர்ஸ் கழகம் (1908) எனப் பெரும்பாலானவை இன அடிப்படையில் உருவானவை. உறுப்பினர் சேர்க்கையில் இக்கட்டுப்பாடு காலப்போக்கில் தளர்ந்தபோதும் பெயர்கள் அப்படியே நின்றன.

பாக்கியசோதி உள்ளிட்ட சரவணமுத்து சகோதரர்கள் முகத்துவாரத்தில் அப்போது இயங்கிய புனித தோமஸ் கல்லூரியில் பயின்று அதன் அணிக்கு ஆடியவர்கள். மூத்தவரான ரத்தினசோதி 1937இல் கொழும்பின் முதல் மேயரானார். அரச அதிகாரியும் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவருமாயிருந்த பாக்கியசோதி, தமிழ் யூனியனுக்கென வனாத்தமுல்லையின் சதுப்பு நிலத்தைச் சீர்ப்படுத்தி ஒரு மைதானம் அமைப்பதில் முன்னின்றார். 1940இல் திறக்கப்பட்ட அம்மைதானமே 'கொழும்பு ஓவல்'.

1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் பிரட்மன் தலைமையிலான ஆஸ்திரேலிய அணி ஓவலில் இலங்கையுடன் ஒருநாள் ஆடியது. இரு விக்கெட்டுகளுக்கும் இடையில் 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் அன்று 20 யார் மட்டுமே இருந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. இக்குறை ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் தெரியவந்தது என்பதில் விவரிப்புகள் ஒன்றுபடுவதில்லை. இலங்கை அணியின் தலைவர் அன்று தமிழ் யூனியன் வீரரான மகாதேவன் சதாசிவம். அதற்கு முந்திய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்திருந்த அவரைத் தாம் கண்ட மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர்களுள் ஒருவராக வெளிநாட்டு வீரர் சிலர் கருதியதாகக் கூறப்படுகிறது. நேரில் பார்த்தவர்களின் எழுத்தில் அவருடைய ஓட்டக் கணக்கைவிட, அவசரமே தெரியாத அவருடைய ஆட்டத்தின் நயமே கூடுதலாகப் பேசப்படுகிறது.

1945/46இல் டெய்லி நியூஸ் கிண்ணத்தை வென்றிருந்த தமிழ் யூனியன், புதிய பெயரில் நடந்த முதற் பருவமான 1950/51இலும் சம்பியனாகி, தன் முன்னாள் தலைவரான பாக்கியசோதியின் பெயர் தாங்கிய கிண்ணத்தைத் தானே முதலில் பெற்றது. 1951 ஒக்டோபரில் மனைவி கொலையுண்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அக்கழக வீரர் சதாசிவம், நீண்ட தடுப்புக் காவலின் பின் 1953இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார்.

1950களின் எஞ்சிய பருவங்களில் கிண்ணம் பெரும்பாலும் பழைய கழகங்களிடையே கைமாறியது.

1962/63 பருவம் இவ்வரிசைக்கு விலக்கானது. அவ்வாண்டு கிண்ணத்தை வென்றது கழகமன்று, மாணவர் அணி. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 முதல் பேராதனைக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தபோதும் மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் கொழும்பில் பயின்றுவந்தனர். ரீட் அவென்யூ மைதானத்தைத் தளமாகக் கொண்ட அணிக்கு வீரர்களைத் தந்தவை இத்துறைகளே. காலையில் விரிவுரையும் மருத்துவமனைப் பயிற்சியும் மாலையில் வலைப்பயிற்சியுமாக வாழ்ந்த இளைஞர்கள், வார இறுதிகளில் தம்மைவிட மூத்த, தேசிய அணி அனுபவமுள்ள கழக வீரர்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கார்லைல் பெரேரா தலைமை தாங்கிய இவ்வணியில் தொடக்கத் துடுப்பாட்டக்காரர் படி ரீட், மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழற்றும் லெக்-ஸ்பின் வகையில் தேர்ந்த லரீப் இத்ரூஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பின்னாளில் மருத்துவர்களான இருவரும் இலங்கைக்கும் ஆடினர். அக்காலப் பல்கலைக்கழக அணியைச் சேர்ந்த மனோ பொன்னையா பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் ஆடினார். பறங்கியர், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே அணியில் கலந்து ஆடியதைப் பிற்காலத்தவர் சிறப்பித்துக் கூறுவதுண்டு. ஆயினும் தேர்வாளர் திட்டமிட்டு அவ்வாறு அமைத்தனர் என்று கொள்வதைவிட, அன்றைய மாணவர் தொகையின் இயல்பே அணியிலும் தெரிந்தது என்று கொள்வது பொருத்தமாகலாம்.

1988/89இல் போட்டிக்கு முதல்தர நிலை கிடைத்தபோது அது 'லக்ஸ்பிரே கிண்ணம்' எனப்பட்டது. 1990களில் சரவணமுத்துவின் பெயர் மீண்டு, 1998/99இல் 'பிரீமியர்' என்ற பெயருக்கு இடம்விட்டது. தமிழ் யூனியனுக்கு முத்தையா முரளிதரன் ஆடியது இப்பிற்காலத்தில்தான். 1977 முதல் பி. சரவணமுத்து மைதானம் என வழங்கும் ஓவலில் இலங்கையின் முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கெதிராகவும், முதல் டெஸ்ட் வெற்றி 1985 செப்டெம்பரில் இந்தியாவுக்கெதிராகவும் அமைந்தன.