வெள்ளியில் பொறித்த திருநாமம்

ஸ்காட்லாந்தின் வடபால் ஷெட்லாண்டு தீவுகளுள் ஒன்று செயின்ட் நினியன் தீவு. 1958 ஜூலையில், அங்கு மண்மூடிக் கிடந்த தேவாலயத்தின் அகழாய்வில் உதவிய பள்ளிச் சிறுவன் ஒருவன், சிலுவைக் குறியிட்ட கல்லைப் பெயர்த்தான். அடியில் மரப்பேழை, அதனுள் 28 வெள்ளிப் பொருள்கள். கிண்ணங்கள், மேலாடையைப் பிணைக்கும் 12 ஊசிகள், கரண்டி, வாளின் அணிகள். விலங்குருவங்களும் பின்னல் கோலங்களும் அவற்றில் மிளிர்கின்றன.

இவை பிக்டு மக்களின் கைவண்ணம். பக்தாதில் ஹாரூன் ரஷீத் கலீஃபாவாக வீற்றிருந்த காலத்தையொட்டி, ஏறத்தாழ கி.பி. 800-இல் புதைக்கப்பட்டவை. வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சி ஒளித்தனர் என்பர் ஆய்வாளர் சிலர்.

வாளுறையின் முனைக்காப்பு ஒன்றில், ஒரு புறம் இறைவனின் பெயரால் எனப் பொருள்படும் லத்தீன் சொற்கள். மறுபுறம் இருப்பது ஒரு மனிதனின் பெயர் என்பர் ஆய்வாளர் சிலர். பிஸ்மில்லாஹ் கூறிச் செயல் தொடங்கும் நம் உள்ளத்தை இது தொடாமல் இராது.

புதையல் யாருக்கு உரியது? புதையலில் ஐந்திலொரு பங்கைக் கடமையாக்கிய நம் ஃபிக்ஹு நூல்கள் ஆராய்ந்த வினாவே இது. அபர்டீன் பல்கலைக்கழகமும் நிலவுடைமையாளரும் வழக்காடினர். 1963-இல் அரசுக்கே உரியதெனத் தீர்ப்பாயிற்று. இன்று அது எடின்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

புதைத்தவர் மீட்க வரவில்லை. அவர் யாரென்பதும் தெளிவில்லை. அவர் வெள்ளியில் விளங்கிய இறைநாமம் மட்டும் இன்றும் ஐயமின்றிப் பொருள் தருகிறது.