ஓடத்தில் வாழ்ந்தோர்: பக்கிங்காம் கால்வாயும் சென்னை நகரும்

சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருவழியில், போரூரை அடுத்துள்ள ஊர் ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய பெயர்களிலும் அச்சொல் ஈறாய் நிற்றல் காண்க. தொண்டை நாட்டார் ஏரி நீரை நம்பி வாழ்ந்தமைக்கு இப்பெயர்களே சான்றாம். ஆயினும் இவ்வேரிகளின் நீர் பயிருக்குரிய நீர். மக்களைச் சுமந்து செல்லும் நீரன்று. இவ்வூரார் நகரப் பணிக்குச் செல்லப் பேருந்தை நாடுகின்றனர். காலையில் இல்லத்தை நீங்கி மாலையில் மீள்வதே நகரத் தொழிலாளியின் இயல்பு என நாமும் எண்ணிவிடுகின்றோம். இவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. இதே நகரின் கிழக்கு ஓரத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, தம் இருப்பிடத்தையே உடன்கொண்டு நகருக்குள் வந்து தொழில் செய்து மீண்ட ஒரு கூட்டத்தார் இருந்தனர். அவரே பக்கிங்காம் கால்வாயின் ஓடக்காரர். அவரைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்வாயின் வரலாறு பலரும் அறிந்ததாதலின் அதனைச் சுருக்கி உரைப்பாம். 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் தம் பொருளைச் செலவிட்டுச் சென்னையிலிருந்து எண்ணூர்வரை ஏறத்தாழப் பதினொரு கல் தொலைவுக்கு ஒரு கால்வாயை வெட்டுவித்தார். 1837-இல் அஃது அரசின் கைக்கு வந்தது. பின்னர் வடக்கே பெத்த கஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளின் கால்வாய்களோடு இணைந்து, காக்கிநாடாவரை செல்லும் நீர்வழியாயிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராய் இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-இல் கால்வாய்க்கு இடப்பட்டது. வெட்டியவர் பசித்த மக்கள். பெயர் பெற்றவர் ஆளுநர். இது வரலாற்றில் புதுமையன்று.

இனி, அந்நீர்மேல் வாழ்ந்தோரைக் காண்போம். கால்வாயிற் சென்ற ஓடங்கள் பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையினின்று கயிற்றால் இழுக்கப்பட்டும் இயங்கின. கயிறு பிடித்து இழுப்போன் நடக்கும் வேகமே ஓடத்தின் வேகம். மரக்காணத்திலிருந்து சென்னை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வடக்கே நெல்லூர்ப் பகுதிக்கோ கிருஷ்ணைக் கரைக்கோ செல்வதாயின் தொலைவு பன்மடங்காகும். ஆகவே ஒரு பயணம் பல பகலும் பல இரவும் நீளும். கழிமுகங்களை ஒட்டி அமைந்த மதகுகளில் நீர்மட்டம் ஒத்துவரும் வரையும் காத்துக் கிடத்தல் வேண்டும். இந்நிலையில் ஓடமே அடுக்களையும் படுக்கையிடமும் ஆதல் தவிர்க்க இயலாதது. கடலோதம் புகும் கால்வாயாதலின் அதன் நீர் உவர்நீர். சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பினும் குடிக்கும் நீரைக் கரையூர்களிற் பெற்றுக் குடங்களிற் கொண்டு செல்லவேண்டியிருந்தது. காற்றும் அவர்தம் நாட்குறிப்பை வகுத்தது. தென்காற்று வீசுங்கால் வடக்கு நோக்கிச் செல்வது எளிது. வாடைக்காலத்தில் தெற்கு நோக்கி வருவது எளிது. அலுவலகக் கடிகாரத்திற்கு அடங்கி வாழும் நாம் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

அவர் கொணர்ந்தவை யாவை? ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகு, பழவேற்காட்டுப் பகுதியின் சுண்ணாம்புக் கிளிஞ்சல், நெல், உப்பு முதலியன. நகரத்தின் அடுப்பு எரிந்ததும் சுவர் வெளுத்ததும் பெருமளவு இவ்வோடங்களால் என்பது மிகையன்று. ஓடங்கள் வந்து தங்கிய நீர்த்துறையின் நினைவே பேசின் பிரிட்ஜ் என்னும் பெயரில் நிலைத்துவிட்டது. அதனை அடுத்துள்ள சால்ட் கொட்டார்ஸ் என்னும் இடப்பெயர் மொழியாராய்ச்சியாளர் கருதற்குரியது. இதன் பிற்பகுதி ஆங்கிலச் சொல்லன்று. களஞ்சியம் என்னும் பொருளுடைய கொட்டாரம் என்னும் நம் சொல்லே ஆங்கிலப் பன்மை விகுதி ஏற்று நிற்கிறது எனக் கொள்ளுதல் தகும். சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையானது 1805-இல். காக்ரேன் கால்வாய் வெட்டியது அடுத்த ஆண்டில். எண்ணூர், கோவளம், மரக்காணம் ஆகிய இடங்களின் உப்பளங்கள் யாவும் இந்நீர்வழியை ஒட்டி அமைந்தமையால் உப்பும் ஓடமும் பிரியாத் தொடர்பு கொண்டன.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல் கொணர்ந்த பஃறிகள் பேசப்படுகின்றன. அம்மரபின் தொடர்ச்சியே இவ்வோடங்கள் எனலாமோ என்பது. அங்ஙனம் கொள்ளுதல் கவர்ச்சியுடையதேனும் நாம் அதனை உடன்படோம். அப்பஃறிகள் பண்டமாற்று வாணிகத்துக்குரியன. இவ்வோடங்களோ அரசின் தனியுரிமைச் சரக்கைச் சுமந்தவை. மேலும், ஓடக்காரரின் வாழ்க்கைக்கு ஒப்புமை நாடின், நீரைவிட நிலமே அதனை நன்கு காட்டும். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மனைவி மக்களோடு உப்பு வண்டிகளிற் செல்லும் உமணர் வருகின்றனர். இல்லத்தை வண்டிமேல் ஏற்றிக்கொண்டு தொழில் நடத்திய அவ்வுமணரே, வாழ்க்கை முறையால், கால்வாய் ஓடக்காரருக்கு அணுக்கமானவர். இரு நூல்களும் உருத்திரங்கண்ணனார் பாடியன என்பதும் நினைவுகூரத்தக்கது. பூவிருந்தவல்லிப் பெருவழியில் சரக்கேற்றி வந்து வண்டியடியில் துயின்ற வண்டிக்காரரையும் இவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். நகரின் கிழக்கே ஓடம் செய்த பணியை மேற்கே மாட்டுவண்டி செய்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புகைவண்டி ஓடிய பின்னரும் வண்டிக்காரர் உடனே மறைந்திலர்.

நிலையான மனையில்லாதோர் ஏட்டில் இடம்பெறுதல் அரிது. ஆங்கிலேயர் காலத்துக் குடிமதிப்பு ஓரிரவில் எடுக்கப்பட்டமையால், அவ்விரவில் படகுகளில் இருந்தோரை எண்ணத் தனி ஏற்பாடு வேண்டியதாயிற்று. வீட்டு வரி கட்டாதவரும் கதவெண் இல்லாதவரும் நகரத்தாரா, நாட்டுப்புறத்தாரா? நகரின் விறகையும் உப்பையும் சுமந்தவரை நகரத்தார் எனக் கொள்ளாது விடுதல் நேர்மையன்று என்பதே நம் துணிபு. முகவரி இன்றிக் குடிமை உரிமை எதனையும் பெறுதல் அரிதாகிய இந்நாளில் இவ்வினா பழங்கதை ஆகிவிடவில்லை.

கடல் கடந்த தமிழரிடையேயும் இதற்கு இணையுண்டு. சிங்கப்பூர் ஆற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய படகுத்தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் முன்னின்றனர். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1983-இல் சரக்குப் படகுகள் அவ்வாற்றினின்று அகற்றப்பட்டன.

பக்கிங்காம் கால்வாயின் தேய்வு மெல்ல நிகழ்ந்தது. 1899-இல் விசயவாடாவையும் சென்னையையும் இணைத்த இருப்புப்பாதை விரைவை நாடிய சரக்கைக் கவர்ந்தது. பளுவுடைய மலிவுச் சரக்கு ஓடத்திலேயே தங்கிற்று. பின் லாரிகள் அதனையும் கொண்டன. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. நகர்ப்பகுதியில் கழிவுநீர் கலந்தது. 1995-இல் முதற்பகுதி திறக்கப்பட்ட பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டன. 2007-இல் அப்பாதை வேளச்சேரியை அடைந்தது. 2008-இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் தூண்களுக்கிடையே பாய்மரம் செல்லுதல் எங்ஙனம்?

ஓடக்காரரிடை வழங்கிய தொழிற்சொற்கள் தமிழும் தெலுங்கும் விரவியவை. ஓடத்தின் உறுப்புக்கும், காற்றின் வகைக்கும், ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் அவர் இட்ட பெயர்களைத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு உரிய பணி. ஓடத்தில் வளர்ந்த முதியோர் சிலரேனும் எண்ணூர், பழவேற்காடு, கோவளம், மரக்காணம் ஆகிய ஊர்களில் எஞ்சியிருக்கக் கூடும். நூலகத்திற்குச் செல்லுமுன் அவ்வூர்களுக்குச் செல்லுக.