கறுப்புக் குதிரைவீரர் நிக்கோலாஸ் பிளாஸ்டிராஸ்

ஆயுத பலத்தால் ஆட்சியைப் பிடித்தவர்கள் வரலாற்றில் ஏராளம். பிடித்த ஆட்சியைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் கிரேக்க நாட்டின் நிக்கோலாஸ் பிளாஸ்டிராஸ்.

1883-ல் கார்டிட்சா பகுதியில் பிறந்த இவர், 1903-ல் ராணுவத்தில் சேர்ந்தார். பால்கன் போர்களில் காட்டிய வீரத்தால் 'கறுப்புக் குதிரைவீரர்' என்று அழைக்கப்பட்டார்.

1922-ல் ஆசியா மைனரில் கிரேக்கப் படை துருக்கியரிடம் படுதோல்வி அடைந்தது. அந்தத் தோல்வியாலும், அடுத்து வந்த மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தாலும் சுமார் 12 லட்சம் பேர் அகதிகளாகக் கிரேக்கம் வந்து சேர்ந்தனர். தன் படைப்பிரிவைச் சிதறவிடாமல் மீட்டு வந்த கர்னல் பிளாஸ்டிராஸ், செப்டம்பரில் சக அதிகாரிகளுடன் புரட்சி செய்தார். மன்னர் முதலாம் கான்ஸ்டன்டைன் முடி துறந்தார். தோல்விக்குக் காரணமானவர்கள் என்று எட்டுப் பேர் மீது ராணுவ விசாரணை நடந்தது. அவர்களில் மூவர் முன்னாள் பிரதமர்கள். நவம்பர் 28 அன்று ஏதென்சில் உள்ள கௌடி என்ற இடத்தில், அந்த எட்டுப் பேரில் மூன்று முன்னாள் பிரதமர்கள் உட்பட ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1923 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அடுத்த மாதம் நாடாளுமன்றம் கூடியதும், பிளாஸ்டிராஸ் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆனால் 1933 தேர்தலில் தான் ஆதரித்த அணி தோற்றபோது, மீண்டும் புரட்சிக்கு முயன்றார். அது உடனே முறியடிக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் பிரான்சில் அடைக்கலம் புகுந்தார்.

1945-ல் சில மாதங்கள் பிரதமராக இருந்தார். பிறகு உள்நாட்டுப் போர் வந்து, 1949-ல் முடிந்தது. சிறைகள் தோற்றுப்போன இடதுசாரிகளால் நிரம்பி வழிந்தன. இந்த நிலையில்தான் பிளாஸ்டிராஸ் புதிய கட்சி தொடங்கி, கைதிகளிடம் இரக்கம் காட்ட வேண்டும், நாடு பகையை மறக்க வேண்டும் என்று வாக்குக் கேட்டார். 1950-லும் 1951-லும் வாக்குச்சீட்டு அவரைப் பிரதமராக்கியது.

அவரது ஆட்சியில், 1952-ல், பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அளிக்கும் சட்டம் வந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச் 30 அன்று, கம்யூனிஸ்ட் தலைவர் நிக்கோஸ் பெலோயானிசும் மேலும் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். உலகெங்கும் இருந்து கருணை வேண்டி எழுந்த குரல்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. மன்னர் மன்னிக்க மறுத்தார். நோயுற்றிருந்த பிரதமரால் தடுக்க முடியவில்லை. சுடப்பட்ட இடம் அதே கௌடி!

1953 ஜூலை 26 அன்று பிளாஸ்டிராஸ் காலமானார். மூன்று முறை பிரதமராக இருந்தும் அவர் சொத்து சேர்க்கவில்லை. அவர் பிறந்த மண்ணில் உள்ள அணை ஏரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. துப்பாக்கி கையில் இருந்தபோது அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க விரும்பியபோது துப்பாக்கி வேறு கைகளுக்குப் போய்விட்டது. அவர் வாழ்க்கையின் சோகம் இதுதான்.