தொடக்ககாலப் பலகைக் கணினிகளும் கையெழுத்து உணர்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

தட்டச்சுப் பலகையின் துணையின்றி, கையெழுத்தையே உள்ளீடாக ஏற்கும் கணினியை உருவாக்கும் முயற்சி 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வணிக வடிவம் பெற்றது. 2010இல் ஐபேட் வெளிவரும்வரையிலான இருபது ஆண்டுக் கால முயற்சிகள் பெரும்பாலும் தோல்விகளாகவே பதிவாகியுள்ளன. கையெழுத்தை உணரும் மென்பொருள் திறமற்றிருந்ததே அதற்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. இவ்விளக்கம் பாதி உண்மையே என்பது நம் கருத்து. மென்பொருளின் குறையை, அது இயங்கிய வன்பொருளினின்று பிரித்து எடைபோட இயலாது. மொழி ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் வேறோர் அக்கறையும் உண்டு. எந்த எழுத்துமுறையை மனத்திற்கொண்டு அக்கருவிகள் அமைக்கப்பட்டன என்பதே அது.

1989இல் கிரிட் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரிட்பேட், வணிகச் சந்தைக்கு வந்த முதல் பலகைக் கணினிகளுள் குறிப்பிடத்தக்கது. ஜெஃப் ஹாக்கின்ஸ் வடிவமைத்த இக்கருவி ஏறத்தாழ 2 கிலோகிராம் எடை கொண்டது. 10 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலியும், வண்ணமற்ற 640க்கு 400 புள்ளித் திரையும், எம்எஸ்-டாஸ் இயங்குதளமும் அதன் உறுப்புகள். இக்கருவி தொடர் கையெழுத்தைப் படிக்க முற்படவில்லை. தனித்தனியாக எழுதப்பட்ட அச்செழுத்துகளை மட்டுமே ஏற்றது. களப்பணியாளர் படிவங்களை நிரப்ப அதுவே போதுமானதாயிற்று. தன் எல்லையை அறிந்து வடிவமைக்கப்பட்ட கருவி என்று இதனைக் கூறலாம்.

1993 ஆகஸ்டில் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் மெசேஜ்பேட் அவ்வாறு அடங்கியிருக்கவில்லை. பயனர் தம் இயல்பான கையெழுத்தில் எழுதலாம், கருவியே அதனைக் கற்றுக்கொள்ளும் என்பது அதன் வாக்குறுதி. அதற்கு வாய்த்ததோ 20 மெகாஹெர்ட்ஸ் செயலி, 640 கிலோபைட் நினைவகம், 336க்கு 240 புள்ளிகள் கொண்ட பின்னொளியற்ற திரை, நான்கு சிறிய மின்கலங்கள் ஆகியவையே. எழுதுகோல் திரையை அழுத்தும்போது அதன் தடம் புள்ளிகளின் வரிசையாகப் பதிவாகும். அவ்வரிசையைக் கீற்றுகளாகப் பிரித்து, இங்கு ஒரு சொல் முடிந்தது, அங்கு அடுத்தது தொடங்கிற்று எனத் துணிந்து, பின்னர் அகரமுதலியுடன் ஒப்பிட்டு ஒரு சொல்லைத் தேர வேண்டும். இவற்றையெல்லாம் பயனர் காத்திருக்கும் நேரத்திற்குள் முடிக்க வேண்டும். அகரமுதலியில் இல்லாத ஓர் ஆட்பெயரை எழுதினால், அதற்கு நெருங்கிய வேறொரு சொல்லைக் கருவி முன்வைத்தது. இப்பிழைகள் ‘டூன்ஸ்பரி’ என்னும் நாளிதழ்க் கருத்துப்படத் தொடரில் அவ்வாண்டே கேலிக்குள்ளாயின. கருவியின் மதிப்பு அதன்பின் மீளவே இல்லை.

ஆயினும், பின்னர் நிகழ்ந்ததை நாம் கருத வேண்டும். நியூட்டனின் இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பு அச்செழுத்துகளுக்கெனப் புதிய உணர்வியைக் கொண்டு வந்தது. 1997இல் வெளியான மெசேஜ்பேட் 2000 கருவியின் செயலி 162 மெகாஹெர்ட்ஸ், அதாவது முதற்கருவியைப் போல எட்டு மடங்கு. உணர்தல் நம்பத்தக்கதாயிற்று. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நியூட்டனைக் கைவிட்டது. மென்பொருள் தேறிய வேளையில் வாங்குவோர் விலகிவிட்டனர். 1987இல் தொடங்கப்பட்ட கோ நிறுவனத்தின் பென்பாயிண்ட் இயங்குதளமும் 1994இல் முடிவுற்றது.

கிரிட்பேடை வடிவமைத்த ஹாக்கின்ஸ் இதற்கிடையே எதிர்த்திசையில் சிந்தித்தார். அவரது பாம் நிறுவனத்தின் கிராஃபிட்டி எழுத்துமுறையில் ரோமன் எழுத்துகளுட் பெரும்பாலானவை ஒரே கீற்றில் முடியும். ‘ஏ’ எழுத்துக்குக் குறுக்குக்கோடு இல்லை. ஓர் எழுத்து எங்கு முடிகிறது என்னும் ஐயமே எழாததால் கணிப்பு மிக எளிதாயிற்று. 1996இல் வெளிவந்த பைலட் கருவியின் 16 மெகாஹெர்ட்ஸ் செயலி அதற்குப் போதுமானதாக இருந்தது. மனிதனின் கையைக் கருவி கற்பதற்குப் பதிலாக, கருவியின் எழுத்தை மனிதன் கற்றுக்கொண்டான். வணிக நோக்கில் இது வெற்றியே; 26 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்குக்கு மட்டுமே இயலக்கூடிய வெற்றி என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பு, கணிப்பு வலிமைக் குறையைப் பெருமளவு கடந்தது. திரைக்கடியில் அமைந்த மின்காந்தத் தகடு தனிவகை எழுதுகோலின் அசைவை நுட்பமாகப் பதிந்தது. ஆனால் பல கருவிகள் ஒன்றரைக் கிலோகிராம் அளவில் எடையுள்ளவை. மின்கலமும் ஒரு பள்ளி நாள் முழுவதும் தாங்காது. சுட்டெலிக்கென வரையப்பட்ட சிறிய பொத்தான்களையே எழுதுகோலாலும் குறிபார்த்துத் தொட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் கையெழுத்து உணர்தல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரியம், சீனம் ஆகியவற்றுக்கே அமைந்தது. தமிழைத் திரையில் காட்டவும் தட்டச்சிடவும் விண்டோஸ் எக்ஸ்பி இடமளித்தது; கையால் எழுதிய தமிழோ வெறும் படமாகவே எஞ்சியது.

தமிழ் ஏன் கடினம்? எழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் டேப்லெட் கணினிகளைக் கொண்டு தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியது. 2006இல் கையெழுத்து ஆய்வுக்கான பன்னாட்டுப் பட்டறையையொட்டி, அவற்றின் அடிப்படையில் ஒரு போட்டியும் நடைபெற்றது. கொம்பு, கால் முதலியவற்றைத் தனியுருக்களாகக் கொண்டால் 156 உருக்கள் போதும் என அங்கு வகுக்கப்பட்டது. ‘கொ’ என்பது கருவிக்கு மூன்று உருக்கள். காலும் ரகரமும் பலர் கையெழுத்தில் ஒன்றே. ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் வடிவால் வேறுபடுவதே இல்லை. மாணவர் ஏட்டைத் திருத்தும் ஆசிரியர் சொல்லை நோக்கியே துணிகிறார். கருவிக்கும் அகரமுதலி வேண்டும். ஆனால் ‘மரத்திலிருந்துதான்’ போன்ற சொல்லுருக்கள் எந்தப் பட்டியலிலும் அடங்கா. சொற்களைப் பகுத்தறியும் இலக்கண அறிவு தேவைப்படுகிறது. நியூட்டன் காலத்து நினைவகத்தில் அதற்கு இடமேயில்லை.

எனவே நம் வட்டாரத்தில் தமிழ் கையடக்கக் கருவிகளுக்குள் விசைகளின் வழியே நுழைந்தது. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தது. ஐபேட் எழுதுகோலையே விலக்கி விரலை முதன்மைப்படுத்தியது. 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ் விசைமுகங்கள் இடம்பெற்றன. ஆண்ட்ராய்டு கருவிகளுக்கென 2015 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டுச் செயலி 82 மொழிகளை ஏற்றது. அவற்றுள் தமிழும் ஒன்று. முதல் நியூட்டன் வெளிவந்து அப்போது இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.