கடல்வழிக் காவலன்: ‘ஹைஃபிளையர்’ போர்க்கப்பலின் வரலாறு

மலைநாட்டின் எல்லையில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. மீனாட்சிபுரத்தில் நின்று நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலையும் பாலக்காட்டுக் கணவாயின் வெளியுமே கண்ணுக்குப் புலப்படும். ஆயினும், தமிழ்க் குடும்பங்களை இம்மலைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்த வாணிகம் கடலை நம்பியே நடந்தது. மூணாற்று மலைகளில் தமிழ்க் கைகள் பறித்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடியை அடைந்து, அங்கிருந்து இலண்டனுக்குக் கப்பலேறிற்று. அத்தகைய சரக்கு சென்ற கடல்வழிகளைக் காத்த போர்க்கப்பல்களுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் அமைப்பும்

விக்டோரியா அரசியார் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை ‘குரூசர்’ என்னும் விரைவுப் போர்க்கப்பல்களை மிகுதியாகக் கட்டியது. உலகெங்கும் பரவிக் கிடந்த வாணிகக் கப்பல்களைக் காப்பது இவற்றின் தலையாய கடமைகளுள் ஒன்று. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள கோவன் கப்பல் தளத்தில், 1898ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ‘ஹைஃபிளையர்’ நீரில் இறக்கப்பட்டது. எடை 5,650 டன்; ஆறு அங்குலப் பீரங்கிகள் 11; வேகம் மணிக்கு 20 கடல்மைல். ‘ஹெர்மிஸ்’, ‘ஹையசிந்த்’ என்பன இதன் உடன்பிறந்த கப்பல்கள்.

இக்கப்பலுக்கு உணவு நிலக்கரி. எனவே, கரி கிடைக்கும் துறைமுகங்களைச் சார்ந்தே அதன் பயணம் அமைந்தது. கடலை ஆள விரும்பிய அரசு ஏடன், கொழும்பு, பம்பாய் முதலிய துறைமுகங்களையும் தன் கையில் வைத்திருந்ததன் பொருள் இதனால் விளங்கும்.

நம் கடலில்

1900ஆம் ஆண்டளவில் ஹைஃபிளையர் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலாயிற்று. தமிழர் வாழும் திருகோணமலை அப்பிரிவுக்கு நெடுங்காலம் தளமாக விளங்கிய துறைமுகமாகும். பின்னர் இக்கப்பல் அமெரிக்கக் கடற்பகுதியிலும் பணியாற்றி, 1908இல் ஓய்வில் வைக்கப்பட்டது.

இக்கால நிகழ்ச்சி ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அரசும் அக்கம்பெனியின் பக்கமே சாய்ந்தது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் சங்கம் கலைந்தது. அதே 1911இல் ஹைஃபிளையர் மீண்டும் தலைமைக் கப்பலாக நம் கடலுக்கு வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. எனினும், வாணிகக் காவல் என்ற சொல்லுக்குள் எவருடைய வாணிகம் அடங்கியது, எவருடையது அடங்கவில்லை என்பதை அவ்வாண்டு நமக்குத் தெளிவாக்குகிறது.

போரும் பேரிடரும்

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது ஹைஃபிளையர் அட்லாண்டிக் கடலில் நின்றது. ஜெர்மானியப் பயணக் கப்பலாகப் புகழ்பெற்றிருந்த ‘கைசர் வில்ஹெல்ம் டெர் குரோசே’ பீரங்கிகள் ஏற்றப்பட்டு வாணிகக் கப்பல்களை வேட்டையாடி வந்தது. பெண்டிரும் குழந்தைகளும் இருந்த கப்பல்களை மட்டும் அதன் தலைவர் போக விட்டார் என்பதும் வரலாறு. ஆகஸ்டு 26ஆம் நாள், ஆப்பிரிக்கக் கரையோரம் ரியோ டி ஓரோ என்னுமிடத்தில் அது நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹைஃபிளையர் அதனை எதிர்கொண்டது. சரணடைய மறுத்த அக்கப்பல் போரின் முடிவில் கடலில் ஆழ்ந்தது.

1917 டிசம்பர் 6ஆம் நாள் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய ‘மோண்ட் பிளாங்க்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் மோதித் தீப்பற்றிற்று. அங்கு நின்ற ஹைஃபிளையரிலிருந்து தளபதி டிரிக்ஸ் தலைமையில் ஒரு படகு உதவிக்கு விரைந்தது. வெடிப்பில் அப்படகினருள் ஒருவரே பிழைத்தார். நகரில் ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காவலுக்குச் சென்றவர்கள் எதிரியின் முகத்தையே காணாமல் உயிர்நீத்தனர்.

போருக்குப் பின் ஹைஃபிளையர் மூன்றாம் முறையாக இந்துமாக்கடலுக்குத் தலைமைக் கப்பலாக வந்தது. 1921இல் பம்பாயில் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

மக்கள் நினைவில்

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்து எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. சிறிது நேரமே நின்ற அக்கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. வல்லவனையும் தந்திரசாலியையும் ‘எம்டன்’ என்கிறோம். ஆண்டுக்கணக்கில் நம் கடலில் உலவிய ஹைஃபிளையருக்கோ தமிழில் ஒரு சொல்லும் இல்லை.

காரணம் வெளிப்படை. அக்கப்பல் காத்தது தேயிலையை, பறித்தவரை அன்று. தன்னைக் காவாத காவலனை மக்கள் நினைவில் வைப்பதில்லை. அவனையே அஞ்ச வைத்தவனை மறப்பதும் இல்லை. எல்லை கடந்து உழைக்க வந்த நம் குடும்பங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் தோட்டத்துப் பேரேடுகளோடு கப்பல்களின் பணி வரலாற்றையும் படித்தல் வேண்டும். நம்மை மலையேற்றிய விசை எங்கிருந்து புறப்பட்டது என்பது அப்போதுதான் முழுமையாகப் புலப்படும்.