சுண்ணமும் சுரப்பியும்: ஓர் அறுவை மருத்துவ வரலாறு

பாம்பன் கரையில் பிறந்தோர்க்குச் சுண்ணாம்பு புதிய பொருளன்று. சங்கும் சிப்பியும் பவளமும் அலையோடு வந்து ஒதுங்கும் மண் இது. பவளப் பாறையைப் பெயர்த்துச் சூளையிலிட்டு நீற்றிய காலமும் மன்னார் வளைகுடாக் கரையில் இருந்தது. சங்கின் ஓட்டுக்கு உறுதி தரும் அந்தச் சுண்ணச்சத்தே மனிதனின் எலும்புக்கும் உறுதி தருகிறது. எலும்பிலே நிலைத்து நிற்க வேண்டிய அது குருதியில் அளவோடு ஓட வேண்டும். 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்பது அந்த அளவு. இவ்வளவைக் காத்து நிற்பவை, கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஒரு பருப்பளவே இருக்கும். பாராதைராய்டு என்பது அவற்றின் பெயர்.

நம் உறவில் ஒரு மூதாட்டியாருக்குச் சிறுநீரகக் கல் மும்முறை வந்தது, மும்முறையும் எடுத்தார்கள். பின்னர், கால் இடறி விழுந்த சிறு விழுக்காட்டிலேயே கை எலும்பு முறிந்தது. “வயதாகிவிட்டது, வாயுத் தொல்லை” என்று வீட்டாரும் சொன்னோம். மருத்துவம் பார்த்தவர்களும் அதனையே சொன்னார்கள். இளம் மருத்துவர் ஒருவர் குருதியின் சுண்ணச்சத்தை அளந்து பார்க்கச் சொன்ன பிறகே, நோய் கழுத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது. அன்று தொடங்கிய ஆர்வமே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது.

கழுத்தில் கத்தி வைப்பது பழங்காலந்தொட்டே மருத்துவர் அஞ்சிய செயலாகும். குர்துபா நகரை அடுத்து, கி.பி. 936 வாக்கில் பிறந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கென்றே ஒதுக்கினார். கருவிகளை வரைந்தும் காட்டினார். தொண்டைக் கழலையை அவர் இரு வகையாகப் பிரிக்கிறார். கொழுப்புக் கட்டி போன்றதை அறுக்கலாம்; குருதிக் குழாய் வீங்கியது போன்றதைக் கத்தி தொடலாகாது என்பது அவர் தந்த எச்சரிக்கை. எதைத் தொடக்கூடாது என்று அறிந்தவனே நல்ல அறுவையாளன் என்னும் பாடத்தை அதில் காண்கிறோம்.

பாராதைராய்டு முதலில் கண்ணில் பட்டதற்கு நம் நாட்டு விலங்கொன்று காரணமாயிற்று என்பது வியப்பான செய்தி. இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த இந்தியக் காண்டாமிருகம் இறந்தபோது, அதனை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறச் சிறு உறுப்பொன்று இருப்பதை 1850இல் அறிவித்தார். மனித உடலில் அதனைத் தெளிவாகக் கண்டு பெயரிட்டவர் சுவீடனின் உப்சாலா நகர மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். 1880இல் அவர் வெளியிட்ட நூலை அக்கால அறிஞர் பொருட்படுத்தவில்லை. தம் உழைப்பின் பயன் தெரியுமுன்னே 1889இல் அவர் மறைந்தார்.

1925இல் வியன்னா நகரில் ஃபெலிக்ஸ் மாண்டில் என்பவர், எலும்பு இற்றுப்போன டிராம் வண்டி நடத்துநர் ஒருவரின் கழுத்திலிருந்து பாராதைராய்டுக் கட்டியை அகற்றினார். படுக்கையில் கிடந்தவர் நடக்கலானார். ஆனால் சில ஆண்டுகளில் நோய் மீண்டது. அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல் கதை இன்னும் உருக்கமானது. எலும்பு நொறுங்கி அவர் உயரமே பல அங்குலம் குறைந்தது. ஆறு முறை கழுத்தைத் திறந்தும் கட்டி அகப்படவில்லை. 1932இல் ஏழாம் முறை அது மார்புக்கூட்டினுள் கிடைத்தது. ஆனால் சிறுநீரகக் கல்லின் விளைவால் சில வாரங்களில் அவர் இறந்துபோனார். கட்டி எங்கே உள்ளது என்று முன்னரே அறிய வழியில்லாமைதான் அந்தத் துயரத்தின் காரணம்.

அவ்வழி மெல்லத் திறந்தது. நோயாளருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர்க்கு ஒரே சுரப்பிதான் பழுதுபடுகிறது. ஒலியலைப் படத்தாலும், கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் படத்தாலும் அந்த ஒன்றைக் கண்டுகொள்ள முடிந்தபோது, கழுத்தை அகலத் திறந்து நான்கையும் தேடும் தேவை குறைந்தது. உள்நோக்கிக் கருவியும் அதற்குள் வளர்ந்திருந்தது. 1806இல் மெழுகுவர்த்தி ஒளியால் உடலுள் நோக்கிய ஃபிலிப் போட்சினி தொடங்கி, கண்ணாடித் தண்டு வில்லை அமைத்த ஹாப்கின்ஸ் வரை பலர் அதில் உழைத்தனர். பம்பாயில் 1990இல் டெஹம்டன் உத்வாடியா உள்நோக்கி வழியே பித்தப்பையை அகற்றினார்.

கழுத்திலோ வயிற்றைப்போல் வெற்றிடம் இல்லை. 1996இல் மிஷேல் காஞெ உள்நோக்கி வழியே பாராதைராய்டு அறுவை செய்தபோது ஐந்து மணி நேரம் ஆயிற்று. இடம் உண்டாக்கச் செலுத்திய வாயு தோலடியில் பரவி நோயாளியை வீங்கச் செய்தது. அடுத்த ஆண்டே இத்தாலியின் பீசா நகரில் பாவ்லோ மிக்கோலி வாயுவைத் தவிர்த்தார். ஒன்றரை சென்டிமீட்டர் அளவே கீறி, ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள உள்நோக்கியைச் செலுத்தி, பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்துக் கட்டியை எடுத்தார். குரல் நரம்பும் அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஓதியும் ஓதிக்கொடுத்தும் வாழும் நம் போன்றோர்க்கு அந்த நரம்பின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். கப்பல் கடக்கப் பாலம் முழுவதையும் பெயர்த்ததில்லை. நடுவில் இரு கைகள் மட்டும் மேலெழுந்து வழிவிட்டன. அதற்கு மாற்றாக 2025இல் திறந்த புதிய பாலத்திலும் ஒரு பகுதிதான் உயர்கிறது.

கட்டி முழுதும் நீங்கியதா என்பதை அறுவைக்கூடத்திலேயே அறியலாம். அச்சுரப்பிநீர் குருதியில் சில நிமிடங்களே தங்கும்; கட்டி நீங்கிய பத்து நிமிடத்தில் அதன் அளவு பாதிக்குக் கீழ் இறங்கினால் வேலை முடிந்தது எனலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பழுதுபட்டவர்க்கு அகலத் திறக்கும் பழைய முறையே இன்றும் ஏற்றது.

மேலைநாடுகளில் இந்நோய் பெரும்பாலும் வழக்கமான குருதிச் சோதனையிலேயே வெளிப்படுகிறது. நம் நாட்டிலோ எலும்பு முறிந்து, கல் விளைந்த பின்னரே பலர் மருத்துவரை அடைகிறார்கள். லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்திலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய சுரப்பிகளின் அறுவைக்கென்றே தனித்துறைகள் உள்ளன. கருவியும் கையும் ஆயத்தமாக இருக்கின்றன. நோயை நினைத்துப் பார்ப்பதுதான் அரிதாக இருக்கிறது.

நம் மூதாட்டியாரின் கழுத்தில் இன்று ஒரு சிறு தழும்பு மட்டுமே உண்டு. எடுத்த கட்டி ஒரு புளியங்கொட்டை அளவு. அறுவைக்குப் பிறகு அவருக்குக் கல் வரவில்லை. ஆனால் முன்னரே இற்றுப்போன எலும்பு பழைய வலுவைப் பெறவுமில்லை. ஆகவே, வாசகப் பெருமக்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொள்வோம்: வீட்டில் எவருக்கேனும் கல் மீண்டும் மீண்டும் வருமாயின், சிறு அடிக்கே எலும்பு முறியுமாயின், குருதியில் சுண்ணச்சத்து எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். எளிய சோதனைதான், அதனைக் கேட்காமல் நாம் சில ஆண்டுகளை இழந்தோம்.