படிக்கட்டு முடிந்த இடம்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுவர் எத்தனை ஆண்டுகள் பள்ளியில் பயின்றனர் என்பதை ஆராய்வோர், தொடக்கநிலையோடு நின்றவர் அனைவரையும் 'இடைநின்றோர்' எனக் குறிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, 'வேலைக்குப் போய்விட்டான்' என்னும் விளக்கம் எளிதில் கிடைத்துவிடுகிறது. ஆயினும் 1960க்கு முன்னர் இங்குத் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூட இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த சிறுவனுக்கு அம்மொழியில் ஏழாம் ஆண்டே கிடையாது. ஆங்கிலப் பள்ளிக்கு மாறுவதெனின், அதுவரை பாடமொழியாக இராத ஒன்றில் அவன் புதிதாகத் தொடங்க வேண்டும். அவன் படிப்பை விட்டவன் அல்லன். படிக்கட்டு அங்கே முடிந்துவிட்டது.

கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, 1960இல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கிய பின்னரே அடுத்த படி அமைந்தது. அதற்குள் பெற்றோர் பலர் ஆங்கிலவழிக் கல்வியை நாடத் தொடங்கியிருந்தனர். 1982இல் பள்ளி மூடப்பட்டது. அப்பெயர் இன்று லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு உரியது.

பத்தாண்டுப் பள்ளிப்படிப்பு இப்போது இயல்பாகிவிட்டது. இதனைச் சட்டத்தின் விளைவாகக் கொள்வதும் பொருந்தாது. 2003இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் கட்டாயமாக்கியது தொடக்கநிலையை மட்டுமே.